அப்பத்தா கேட்ட கேள்வி: யுகாத்தானில் ஏழு நாள்

டிசம்பர் 21, 2019, சனி. வையாதோலித்

ஹூஸ்டனில் இருந்து மெக்சிகோவின் யுகாத்தான் தீபகற்பத்தில் இருக்கும் கான்கூனுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். இறங்கியபின் வாடகைக் கார் கவுன்டரில் ஒன்றரை மணி நேரம். இணையத்தில் பார்த்தபோது கொள்ளை மலிவாக இருந்த வாடகை, அங்கே மூன்று மடங்காகி நின்றது. மெக்சிகோவில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். விளம்பர விலையில் அதைச் சேர்க்கவில்லை. முன்னாலேயே படித்திருக்க வேண்டும். மனைவி ஒன்றும் சொல்லாமல் சூட்கேஸ் மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் ஐந்து பேர். நான், மனைவி, பதினோரு வயதுப் பெரியவள், ஆறு வயதுச் சின்னவன், அப்புறம் ஊரில் இருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அம்மா. பெரியவள் பள்ளிக்கு, இந்தப் பக்கத்துப் பழங்குடிகளான மாயர்களைப் பற்றி ஒரு புராஜெக்ட் செய்தாள், அதில் ஆரம்பித்ததுதான் இந்தப் பயணம். சின்னவனுக்கு எந்தப் பிரமிடுக்குள்ளும் மம்மி இருக்கும். இல்லையென்று சொல்லிப் பார்த்தாயிற்று. கான்கூனில் இறங்கிக் கடலைப் பார்க்காமல் போகிற ஒரே குடும்பம் நாங்கள்தான் என்பது மனைவியின் புகார். அம்மாவுக்கு எங்கே போனாலும் சரி, ஹீட்டர் காற்றில் உட்கார்ந்திருக்காமல் இருந்தால் போதும். (இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். குடிவரவில் அப்போது ஒரு துண்டுச் சீட்டு தந்தார்கள், அதைத் தொலைக்கக் கூடாது.)

கான்கூனில் இருந்து மேற்கே சுங்கச் சாலை. வகிடு எடுத்தது போல நேராகப் போகிறது. இரண்டு பக்கமும் குட்டையான காடு. மேடு இல்லை, பள்ளம் இல்லை. வண்டியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், அம்மா மட்டும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு வந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கேட்டார்.

“ஏப்பா, இம்புட்டுத் தூரம் வந்துட்டோம். ஒரு ஆத்துப் பாலம்கூட வரலியே?”

எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் ஊர் முதுகுளத்தூர் பக்கம். அங்கே ஒரு இடத்தைப் பார்த்ததும் முதலில் கண் தேடுவது தண்ணீரைத்தான். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, ஊருணியில் இருந்து குடம் சுமந்த காலம் இன்னும் தோளில் இருக்கிறது.

யுகாத்தானின் வடபகுதியில் தரைமேல் ஆறே கிடையாது. முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழையெல்லாம் சல்லடையில் ஊற்றியது போல உள்ளே இறங்கிப் பூமிக்கடியில் ஓடுகிறது. பாறைக் கூரை இடிந்து விழுந்த இடங்களில் அந்த நீர் கண்ணுக்குத் தெரியும். அதுதான் செனோட்டே. ‘ட்ஸொனோட்’ என்ற மாயா சொல்லை ஸ்பானியர்கள் அப்படித் திருப்பினார்கள். தெரிந்ததைச் சொன்னேன். “அப்போ பூரா ஊரும் கிணத்துத் தண்ணிதானா” என்றார் அம்மா.

வழியில் மாநில எல்லையைத் தாண்டியதும் செல்பேசி தானாக ஒரு மணி நேரம் பின்னால் போனது. கான்கூன் இருக்கும் கின்டானா ரோ மாநிலத்துக்கு ஒரு நேரம், யுகாத்தான் மாநிலத்துக்கு ஒரு நேரம். சும்மா கிடைத்த ஒரு மணி நேரத்தில் வையாதோலித் சதுக்கத்தில் நிதானமாகச் சாப்பிட்டோம். சனிக்கிழமை அம்மா கவுச்சி தொடமாட்டார். பீன்ஸ் போதும் என்று சொன்னபிறகுதான், இங்கே பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்கும் வழக்கம் உண்டு என்பது நினைவுக்கு வந்தது. எழுந்து ஓடிச் சமையலறை வாசலில் கையை ஆட்டி நிறுத்தினேன்.

இன்றைய தேதியை இங்கே சொல்லியாக வேண்டும். சரியாக ஏழு வருடத்துக்கு முன், 2012 டிசம்பர் 21 அன்று உலகம் அழிந்துவிடும் என்று பரபரப்பாக இருந்தது. உண்மையில் மாயர்களின் நீள்கணக்கு நாட்காட்டி அன்று 13.0.0.0.0 என்று திரும்பியது, அவ்வளவுதான். காரின் மீட்டரில் ஒன்பதுகள் பூஜ்யமாவது போல. பெரியவள் சாப்பாடு வருவதற்குள் கணக்குப் போட்டாள். அன்றிலிருந்து 2,556 நாள். 360 நாள் கொண்ட ஆண்டு 7, 20 நாள் கொண்ட மாதம் 1, மிச்சம் 16 நாள். ஆக, இன்று 13.0.7.1.16. கைதுடைக்கும் காகிதத்தில் வரைந்தும் காட்டினாள்: ஒன்றுக்கு ஒரு புள்ளி, ஐந்துக்கு ஒரு கோடு, பூஜ்யத்துக்குச் சிப்பி. அந்தக் காகிதம் பத்திரமாக இருக்கிறது.

டிசம்பர் 22, ஞாயிறு. சிச்சென் இட்சா

இன்று செய்த தவறு: மாயர்களின் பழைய நகரமான சிச்சென் இட்சாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறுகளில் மெக்சிகோக்காரர்களுக்கு அனுமதி இலவசம், போதாக்குறைக்குக் கிறிஸ்துமஸ் வாரம். எட்டு மணிக்குத் திறக்கிறார்கள் என்று ஏழே முக்காலுக்குப் போனால் எங்களுக்கு முன்னால் ஒரு ஊரே நிற்கிறது. டிக்கெட்டுக்கு இரண்டு கவுன்டர், மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று. இரண்டு தடவை வரிசை.

ஆனால் உள்ளே நுழைந்து, மரங்கள் விலகி, குக்குல்கான் என்ற பாம்புச் சாமியின் பிரமிடு கண்முன் வந்தபோது சின்னவன்கூட வாயை மூடிக்கொண்டான். ஒன்பது அடுக்கு, உச்சிக் கோயிலோடு சேர்த்துச் சுமார் 30 மீட்டர். நாலு பக்கமும் 91 படி, மேல்மேடை ஒரு படி, மொத்தம் 365. வடக்குப் படிக்கட்டின் அடியில் இரண்டு பாம்புத் தலைகள் வாயைப் பிளந்திருக்கின்றன. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களில், சாயங்கால வெயில் அடுக்குகளின் விளிம்பில் பட்டு, பாம்பு இறங்கி வருவது போல நிழல் விழும். நாங்கள் வந்தது டிசம்பர், எனவே வெறும் படிக்கட்டைத்தான் பார்த்தோம். பல வருடமாக ஏற அனுமதி இல்லை. அம்மாவின் முழங்காலுக்கு அதில் வருத்தமே இல்லை.

படிக்கட்டுக்கு எதிரே நின்று கைதட்டினால் எதிரொலி ஒரு பறவையின் கீச்சாகத் திரும்பி வருகிறது. கெட்சால் பறவையின் குரல் என்கிறார்கள். ஆளாளுக்குத் தட்டிக்கொண்டிருந்தார்கள், எங்கள் பங்குக்கு நாங்களும். வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்களா, படிகளின் அளவு தற்செயலாக அப்படி அமைந்ததா என்ற சண்டை இன்னும் தீரவில்லையாம்.

வாசலில் ஒரு வழிகாட்டியை அமர்த்தியிருந்தோம். ஐம்பது வயதிருக்கும், கட்டையான ஆள். பெரியவள் புராஜெக்டில் எழுதியிருந்ததையே கேட்டாள்: “மாயர்கள் எங்கே மறைந்துபோனார்கள்?” அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “இன்று காலை வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தேன். அந்தச் சண்டை மாயா மொழியில்தான் நடந்தது” என்றார். பெரியவளுக்கு முகம் சிவந்துவிட்டது. யுகாத்தான் தீபகற்பத்தில் இன்றும் சுமார் எட்டு லட்சம் பேர் அந்த மொழி பேசுகிறார்கள். மறைந்தது நகரங்களும் அரசர்களும்தான். அவர் ஒரு சொல் கற்றுக்கொடுத்தார். ‘பிஷ் அ பேல்?’ நலமா என்று கேட்பது. நேர்ப்பொருள், ‘உன் வழி எப்படி இருக்கிறது?’

பந்து மைதானம் 168 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். சுவரில் ஆறு மீட்டர் உயரத்தில் கல்வளையம். கெட்டி ரப்பர் பந்தை இடுப்பால் அடித்து ஆடியிருக்கிறார்கள். பக்கச் சுவரில் தலை வெட்டப்பட்ட ஒருவன் மண்டியிட்டிருக்க, கழுத்தில் இருந்து ரத்தம் பாம்புகளாகப் பீறிடுகிறது. சின்னவன் அதை ரொம்ப நேரம் பார்த்தான், மனைவி அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

அம்மாவுக்கு இதிலெல்லாம் மனம் போகவில்லை. பிரமிடைச் சுற்றி வந்து நிழலில் உட்கார்ந்து கேட்டார்: “இம்புட்டுக் கல்லைச் சுமந்து கட்டியிருக்காக. அத்தனை பேரு இருந்திருப்பாக. தண்ணிக்கு என்ன பண்ணாக?”

வழிகாட்டிக்கு மொழிபெயர்த்தேன். நாள் முழுக்கக் கைதட்டிக் காட்டி அலுத்திருந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊரின் பெயரே அதுதான் என்றார். ‘சி’ என்றால் வாய், ‘சென்’ என்றால் கிணறு. இட்சா மக்களின் கிணற்று வாய், அதுதான் சிச்சென் இட்சா.

பிரமிடில் இருந்து வடக்கே சுமார் முந்நூறு மீட்டர் ஒரு பழைய பாதை போகிறது. சாக்பே, அதாவது வெள்ளைப் பாதை. சுண்ணாம்புக் காரை பூசி, நிலவொளியில் தெரியும்படி போட்டது. இப்போது இரண்டு ஓரமும் கடைகள். சின்னவன் அங்கேதான் அந்த மரவிசிலை வாங்க வைத்தான். ஊதினால் சிறுத்தை உறுமும். எங்களைப் பிடித்த சனி அது, இதை எழுதும்போதும் பக்கத்து அறையில் உறுமிக்கொண்டிருக்கிறது.

பாதை முடிகிற இடத்தில் பெரிய வட்டப் பள்ளம். சுமார் 60 மீட்டர் அகலம், சுவர் செங்குத்தாக இறங்குகிறது, அடியில் பாசி பிடித்த பச்சைத் தண்ணீர். இதில்தான் காணிக்கை போட்டார்கள். பச்சைக்கல், தங்கம், சாம்பிராணி மாதிரியான கோபல் பிசின், மனிதர்களையும். 1904-ல் எட்வர்ட் தாம்சன் என்ற அமெரிக்கர் வாளிப் பொறி வைத்து இதைத் தூர்வாரினார். அவர் இந்த இடிபாடுகள் அடங்கிய பண்ணையையே விலைக்கு வாங்கியிருந்தார். கிடைத்தது பெரும்பாலும் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்குப் போனது, ஒரு பகுதி பிற்பாடு திரும்பி வந்தது.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “குடிக்கிற தண்ணியிலயா பிணத்தைப் போடுவாக?”

நல்ல கேள்விதான். குடிக்க வேறொன்று இருந்தது. தெற்கே ஷ்டொலோக் என்ற இன்னொரு செனோட்டே, ஊர் குடித்தது அந்தத் தண்ணீரை. இது சாமிக்கு, அது சனங்களுக்கு. “அதானே” என்றார் அம்மா, ஏதோ தானே பிரித்துக் கொடுத்தது போல.

இன்னொன்றும் வழிகாட்டி சொன்னார். 2015-ல் மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரமிடைச் சுற்றித் தரையில் மின்சாரம் செலுத்திப் பார்த்தபோது, அதற்கு நேர் கீழேயே நீர் நிரம்பிய ஒரு குழி தெரிந்ததாம். அத்தனை கல்லும் ஒரு கிணற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பிரமிடுக்குள் சின்னப் பிரமிடு, அதற்குள் இன்னும் சின்னது என்று கேட்டதும் சின்னவனுக்கு உயிர் வந்தது. மம்மி மூன்றாவதில் இருக்குமாம்.

டிசம்பர் 23, திங்கள். எக் பலாம், சமுலா

எக் பலாம் வையாதோலித்துக்கு வடக்கே அரை மணி நேரம். பேருக்கு ‘கருஞ்சிறுத்தை’ என்று பொருள். விசிலுக்குப் பொருத்தமான ஊர், சின்னவன் விடவில்லை.

இங்கே பிரமிடில் ஏற விட்டார்கள். முப்பது மீட்டருக்கு மேல் உயரம், படிகள் குறுகல், கைப்பிடி இல்லை. நானும் பெரியவளும் ஏறினோம். பாதியில் இடது பக்கம் ஓலைக்கூரை போட்டு ஒரு சுதை வேலைப்பாட்டைப் பாதுகாத்திருக்கிறார்கள். வாசலே ஒரு பூதத்தின் வாய், கீழ்த்தாடைப் பற்கள் தரையில் வரிசையாக. மேலே சிறகு முளைத்த மனிதர்கள், ஒருவனுடைய இடுப்புத் துணியின் மடிப்புவரை தெரிகிறது. 8-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட உகித் கான் லெக் தோக் என்ற அரசனின் கல்லறை. அவனைப் புதைத்தபின் மண்ணும் கல்லும் போட்டு மூடிவிட்டதால்தான் சுதை இவ்வளவு பிழைத்திருக்கிறது. நேற்றைய பிரமிடைவிட எனக்கு இது பிடித்தது.

ஏறுவதில் ஒன்றும் இல்லை. இறங்குவதுதான். உச்சியில் திரும்பினால் படி தெரியவில்லை, நேராகத் தரைதான் தெரிகிறது. பெரியவள் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். நானும் அப்படித்தான் இறங்கினேன் என்பதை மனைவி படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

மதியம் சமுலா செனோட்டே. உள்ளே போகும் முன் குளித்துவிட்டுத்தான் போக வேண்டும், சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்கக் கூடாது. சின்னக் குகை வாசல், வழுக்கும் படிகள். “நான் மேலயே இருக்கேன்” என்ற அம்மா, நாங்கள் பாதி இறங்குவதற்குள் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்துவிட்டார். “அத்தை, பார்த்து, பார்த்து” என்ற குரல் குகைக்குள் எதிரொலித்தது. அடியில் பெரிய கூடம். கூரையில் ஒரே ஒரு ஓட்டை. அதன் வழியே வெயில் ஒரு கம்பம் போல நீருக்குள் இறங்குகிறது. மேலே நிற்கும் மரம் அதே ஓட்டையில் வேர்களைத் தொங்கவிட்டுத் தண்ணீரைத் தொடுகிறது. ஆலமரம் வகையறா. இருபது முப்பது அடிக்கு வேர் மட்டும் கயிறு கயிறாக.

தண்ணீர் நீலமும் பச்சையும் கலந்து கண்ணாடியாக இருந்தது, சில்லென்று. பிள்ளைகள் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு குதித்தார்கள். அம்மா கடைசிப் படியில் உட்கார்ந்து முதலில் ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார், அப்புறம் காலை நனைத்தார். வேரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “மரத்துக்குத் தெரிஞ்சிருக்கு பாரு” என்றார். வரும்போது அவருடைய சின்னத் தண்ணீர்ப் பாட்டிலைக் காலிசெய்து செனோட்டே நீரை நிரப்பிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. இரவு மேசையில் பார்த்தேன்.

டிசம்பர் 24, செவ்வாய். இசமல் வழியாக மெரிடா

சுங்கம் இல்லாத சாலையில் போவோம், ஊர்களைப் பார்க்கலாம் என்றேன். ஊருக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும், நடுவில் பள்ளி, தேவாலயம், சும்மா ஒரு வளைவு என்று எங்கும் வேகத்தடை. அதுவும் முழங்கால் உயரம். நாற்பதுக்குமேல் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஒரு ஊரில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். முற்றத்தில் பூவேலை செய்த வெள்ளை அங்கியில் ஒரு அம்மாள் கல்லில் மக்காச்சோள ரொட்டியான தோர்த்தியா சுட்டுக்கொண்டிருந்தார். எங்கள் அம்மா நேரே அவரிடம் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார். மாவு வாளியைக் காட்டி என்னவென்று சைகையில் கேட்டார், அவர் ஒரு வெள்ளைப் பொடியை எடுத்துக் காட்டினார். அம்மா விரலில் தொட்டுப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்: “ஏப்பா, சுண்ணாம்பு மாதிரில்ல இருக்கு?” சுண்ணாம்பேதான். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, தோல் நீக்கி அரைக்கிறார்கள். அப்படிச் செய்தால்தான் சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேரும். ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் கொண்டுபோனார்கள், இந்தப் பக்குவத்தைக் கொண்டுபோகவில்லை. சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளுக்கு அங்கே பெல்லக்ரா நோய் வந்தது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் கைக்கு இது விளக்கம் இல்லாமலே புரிந்திருக்கும். இரண்டு பேரும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டு அரை மணி நேரம் தோர்த்தியா தட்டினார்கள். அம்மா தட்டியது கொஞ்சம் அடையாக வந்தது.

இசமல் மஞ்சள் ஊர். வீடு, கடை, மடம் எல்லாம் ஒரே மஞ்சள். நடுவில் பிரான்சிஸ்கன் மடம். அதன் அடித்தளம் ஒரு மாயா கோயில் மேடை, கற்களும் கோயிலுடையவை. இந்த மடத்தோடு தொடர்புடையவர் தியேகோ தெ லாண்டா என்ற பாதிரியார், பிற்பாடு யுகாத்தானின் ஆயர். 1562 ஜூலையில் மானி என்ற ஊரில் மாயர்களின் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தியவர். அத்திமர வகை ஒன்றின் பட்டையில் செய்த மடிப்புப் புத்தகங்கள். இன்று உலகத்திலேயே நாலுதான் மிச்சம். மூன்று ட்ரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ் நகரங்களில். நாலாவது மெக்சிகோ நகரத்தில், அதுவும் போலி இல்லை என்று 2018-ல்தான் உறுதிசெய்தார்கள்.

அதே லாண்டா ஸ்பெயினில் விசாரணைக்குப் போனபோது மாயர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அவர்களுடைய எழுத்து என்று ஒரு பட்டியல். ‘பே’ எழுது, ‘சே’ எழுது என்று ஸ்பானிய எழுத்துப் பெயர்களைச் சொல்லச் சொல்ல ஒரு மாயா எழுத்தர் எழுதிக்கொடுத்திருக்கிறார். நூற்றாண்டுகளாக அந்தப் பட்டியலை வைத்து யாராலும் எதையும் படிக்க முடியவில்லை, உளறல் என்று ஒதுக்கினார்கள். 1952-ல் லெனின்கிராடில் யூரி க்னோரோசோவ் என்ற இளைஞர், அதுவரை ஒரு மாயா நகரத்தையும் நேரில் பார்க்காதவர், விஷயத்தைப் பிடித்தார். அவர்கள் எழுதிக்கொடுத்தது தனி எழுத்தை இல்லை, அசையை. ‘பே’ என்று கேட்டதற்கு ‘பே’ என்ற ஒலிக்கு உள்ள குறியைத்தான் எழுதியிருக்கிறார்கள். பாதையில் பதிந்த ஒரு காலடி. பே என்றால் பாதை.

காரில் இதைச் சொன்னபோது பெரியவள், “உயிர்மெய் மாதிரி” என்றாள். ஞாயிறு தமிழ் வகுப்புக்கு அழுதுகொண்டே போகிறவள். சரிதான், ‘க’வை இரண்டாக உடைத்து எழுதத் தெரியாதவனிடம் போய் ‘க்’ கேட்டால் ‘க’தான் கிடைக்கும். கொஞ்ச நேரம் கழித்து, “சாக்பேயில் வருகிற பேயா?” என்றாள். ஆமாம். ‘பிஷ் அ பேல்’ என்பதிலும் அதே பே.

இசமலில் லாண்டாவுக்குச் சிலை இருக்கிறது. “புக்ஸ எரிச்சவருக்கு எதுக்கு ஸ்டாச்சு?” என்றாள். மனைவி என்னைப் பார்த்தாள், நான் ரோட்டைப் பார்த்தேன்.

டிசம்பர் 25, புதன். மெரிடா

எல்லாம் அடைப்பு. தூளிக் கட்டிலில் கிடந்தோம். சாயங்காலம் சதுக்கத்தில் மார்கெசித்தா, மொறுமொறுப்பான சுருளுக்குள் துருவிய எடாம் சீஸ். மனைவி இரண்டு சாப்பிட்டாள். இந்தப் பயணத்தில் அவள் திட்டாத முதல் நாள் இது.

டிசம்பர் 26, வியாழன். உஷ்மல்

மெரிடாவுக்குத் தெற்கே 80 கிலோமீட்டர். இங்கேதான் முதல் முறையாக நிலம் கொஞ்சம் எழும்புகிறது, பூக் குன்றுகள். அம்மா காரில் இருந்து இறங்கியதும் கேட்டார், “இங்க கிணறு எங்க இருக்கு?”

கிணறு இல்லை. இந்தப் பக்கம் நிலத்தடி நீர் ரொம்ப ஆழம், செனோட்டேயும் கிடையாது. ஆனாலும் ஆயிரம் வருடத்துக்கு முன் ஆயிரக்கணக்கான பேர் வாழ்ந்த நகரம் இது. நுழைந்த கொஞ்ச தூரத்தில் தரையில் கல்லால் ஆன ஒரு வட்ட வாய் தெரிந்தது. சுல்துன். வாய் குறுகல், உள்ளே வயிறு பெருத்த ஜாடி போலக் குடைந்து காரை பூசியிருக்கிறார்கள். சுற்றியுள்ள தளம் அதை நோக்கிச் சாய்கிறது. மழை பெய்தால் முற்றமே நீரைக் கொண்டுவந்து ஊற்றும். மழை இல்லாத ஆறு மாதத்துக்கு அதுதான் குடிநீர்.

அம்மா குனிந்து பார்த்தார், சாய்வைக் காலால் தேய்த்துப் பார்த்தார். “நம்ம ஊருல 2003-ல வீட்டுக்கு வீடு மழைத்தண்ணி தொட்டி கட்டச் சொன்னப்ப, உங்கப்பா குழாயைப் போட்டு, தொட்டியே கட்டாம விட்டாரு” என்றார். பதினாறு வருடக் கோபம்.

அதற்குப் பிறகு உஷ்மல் முழுக்க எங்கள் கண்ணுக்கு ஒன்றுதான் தெரிந்தது. சாக், மழைச்சாமி. கன்னிமாடம் என்று ஸ்பானியர்கள் பெயர் வைத்த நாற்சதுர முற்றம், ஆளுநர் மாளிகை, எங்கே திரும்பினாலும் மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அந்த முகம். தும்பிக்கை மாதிரி வளைந்த நீண்ட மூக்கு, உருண்டைக் கண். ஒரே வார்ப்பில் செய்யவில்லை, தனித்தனியாகச் செதுக்கிய கற்களைப் பொருத்திய முகங்கள். சின்னவன் பிள்ளையார் என்றான். எண்ண ஆரம்பித்து எழுபதில் பசி வந்து விட்டுவிட்டான். கிணறு இருக்கிற சிச்செனில் பாம்பு பெரிய சாமி, கிணறு இல்லாத ஊரில் சுவரெல்லாம் மழைச்சாமி. இது என் சொந்தக் கணக்கு. சிச்செனிலும் சாக் முகங்கள் உண்டு, ஆராய்ச்சியாளர்கள் சண்டைக்கு வருவார்கள்.

மழை ஒருநாள் பொய்த்தது. சிச்சன்கானாப் ஏரியின் அடிவண்டலில் உள்ள ஜிப்சத்தை ஆராய்ந்து 2018-ல் ஒரு கணக்கு வந்தது. நகரங்கள் கைவிடப்பட்ட காலத்தில் ஆண்டு மழை சராசரியாகப் பாதியளவு குறைந்ததாம், உச்சத்தில் எழுபது சதவீதம்வரை. போரும் அரசர்களின் பூசலும் சேர்ந்துதான் எல்லாம் முடிந்தது, வறட்சி மட்டும் காரணம் இல்லை. இதைச் சொன்னபோது அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ‘தாது வருசப் பஞ்சம்’ என்று ஊரில் அவருடைய பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறார்.

மந்திரவாதிப் பிரமிடு 35 மீட்டர். அடித்தளம் சதுரம் இல்லை, முட்டை வடிவம். கதையும் முட்டைதான். ஒரு கிழவி அடைகாத்த முட்டையில் பிறந்த குள்ளன், அரசனோடு பந்தயம் கட்டி ஒரே ராத்திரியில் கட்டினானாம். சின்னவன் மம்மியை மறந்து குள்ளனுக்கு மாறிவிட்டான்.

வாசல்களுக்கு மேலே சில இடங்களில் மர உத்தரம். எந்த மரம் தெரியுமா? சப்போட்டா. நம் வீட்டுக் கொல்லைச் சப்போட்டாவின் சொந்த ஊரே இந்தக் காடுதான். மரம் இரும்பு மாதிரி, சீக்கிரத்தில் உளுத்துப்போகாது. 1840-களில் இங்கே வந்த ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ், சித்திரக்காரர் காத்தர்வுட்டோடு காடு காடாகத் திரிந்து இந்த ஊர்களை வெளியுலகத்துக்குக் காட்டியவர். உஷ்மலில் எழுத்துப் பொறித்த ஒரு சப்போட்டா உத்தரத்தைப் பெயர்த்து நியூயார்க் கொண்டுபோனார். ஆயிரம் வருடம் மழையிலும் வெயிலிலும் நின்றது, அங்கே 1842-ல் காட்சிக்கூடத்தில் பிடித்த தீயில் எரிந்துபோனது.

“சப்போட்டா மரத்துலயா நிலை போட்டாக?” என்று அம்மாவுக்கு நம்பிக்கையே இல்லை. “நம்ம வீட்டு மரம் பல்லு குத்தக்கூட ஆகாது.”

டிசம்பர் 27, வெள்ளி. கான்கூன் விமான நிலையம்

இரண்டரை மணி விமானம். மெரிடாவில் இருந்து மூன்றரை மணி நேரச் சாலை. எட்டுக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்குப் போய்விடலாம், மனைவிக்கு ஒரு மணி நேரம் கடற்கரை காட்டலாம் என்று பெரிய திட்டம். முதல் நாள் சும்மா கிடைத்த ஒரு மணி நேரத்தை எல்லையில் திருப்பிப் பிடுங்கிக்கொண்டார்கள். செல்பேசி ஒரு நிமிடத்தில் பத்தேகாலில் இருந்து பதினொன்றேகாலுக்குத் தாவியது. கடற்கரை போனது. பெட்ரோல் போட நின்றது, காரைத் திருப்பிக் கொடுத்தது, பம்பரில் முன்பே இருந்த கீறலுக்குப் படம் காட்டி வாதாடியது எல்லாம் ஓட்டமாக முடிந்தன. துண்டுச் சீட்டில் நாலு இருந்தது, ஐந்தாவது சின்னவனுடைய விசில் பைக்குள் கிடைத்தது. மனைவி கடலை விமான ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்ன விதத்தை எழுதவில்லை.

பாதுகாப்புச் சோதனையில் அம்மாவின் பையை நிறுத்தினார்கள். சமுலாத் தண்ணீர்ப் பாட்டில். அந்தப் பெண் அதிகாரி குப்பைத் தொட்டியைக் காட்டினார். அம்மா தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தண்ணியை எப்படிப்பா குப்பையில ஊத்துறது?”

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அம்மா மூடியைத் திறந்து, உள்ளங்கையில் ஊற்றி, பெரியவள் தலையில் தெளித்தார், சின்னவன் தலையில், மருமகள் தலையில், அப்புறம் என் தலையில். மிச்சத்தைத் தன் உச்சியில் விட்டுக்கொண்டு காலிப் பாட்டிலை அதிகாரியிடம் நீட்டினார். அவர் சிரித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து, போங்கள் என்று கை காட்டினார். சின்னவன் விசிலை ஊதினான்.